மங்கலான முகத்துக்கு முதல் பரிசு

காலை 7.40. கோவை பீளமேட்டிலிருந்து கிளம்பினேன். முந்தைய நாள் அங்கே ஒரு கல்லூரியின் புகைப்படப் போட்டிக்கு நடுவராக வந்திருந்தேன். முதல் பரிசு பெற்ற படத்தின் பெரிய பிரதி, சட்டம் போட்டு, என் கையில். சுண்ணாம்புக் காளவாயில் மூட்டை தூக்கும் ஒருவர். வெள்ளைத் தூசிக்குள் உயர்த்திய கை மட்டும் துல்லியம், முகம் மங்கல். 'முகத்தை மங்கவிட்ட துணிச்சலே இந்தப் படத்தின் உயிர்; அந்தக் கை ஒரு நாட்டிய முத்திரை' என்று தீர்ப்புரையில் எழுதியிருந்தேன். படத்தில் இருப்பவர் மதுக்கரை மாரப்பன் என்று படமெடுத்த மாணவி சொன்னாள். அவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டால் நான் நல்ல மனிதன் என்ற நினைப்போடு திருச்சிக்கு ரயில் ஏறலாம். என் ஆசை அவ்வளவுதான்.

8.35. உக்கடத்தில் பஸ் மாறினேன். மதுக்கரைக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பதினைந்து ரூபாய்.

"ஏனுங்க, சாமி படமுங்களா? கீழ வெச்சுப்போடாதீங்க," என்றார் கண்டக்டர்.

"இல்லை, ஒரு ஆளோட படம்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். குனியமுத்தூர் தாண்டும்வரை அதை மடியில் வைத்திருந்தேன்.

9.20. மதுக்கரையில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். டீ பன்னிரண்டு ரூபாய்.

"மாரப்பண்ணனுங்களா? அவரு தவறிப்போயிப் பதினாலு நாளாச்சுங்களே," என்று கடைக்காரர் வீட்டைக் காட்டினார். திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சட்டத்தை எங்கே ஒளிப்பது?

மனைவி பழனியம்மாள் தகரக் கூரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். படத்தைப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது கையைத்தான்.

"நெஞ்சடச்சா அவியளுக்குப் பேச வராதுங்க. இப்படித்தான் கையத் தூக்குவாங்க. தண்ணி வேணும்னு அர்த்தமுங்க." பிறகு கேட்டார்: "போட்டோ எடுத்த புள்ள தண்ணி குடுத்துச்சுங்களா?"

எனக்குத் தெரியாது. முத்திரை என்று எழுதியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாணப் படத்தைக் கரையான் அரித்துவிட்டது. வீட்டில் இருப்பது பட்டன் போன், அதிலும் படம் இல்லை என்றார்.

"ஆதார் கார்டுல இருக்கறது அவிய மூஞ்சி மாதிரியே இல்லீங்க. இதுல மூஞ்சிய மட்டும் வெட்டித் தெளிவாக்கிக் குடுப்பாங்களாங்க?"

"கண்டிப்பா," என்றேன். அவர் சட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடமே திருப்பித் தந்தார்.

12.50. பீளமேட்டில் ஒரு ஸ்டுடியோ. மாணவியிடமிருந்து மூலப் படத்தைப் போனில் வாங்கிக் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிக்கொண்டே போனார். கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் புள்ளிகள்.

"படத்துல மூஞ்சியே உழுகலீங்க சார். கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு மூஞ்சி வரும். ஆனா அது அவரா இருக்காதுங்க."

வேண்டாம் என்றேன். மாணவியிடம் இருந்த மற்ற படங்களும் அப்படியே. எல்லாவற்றிலும் கைதான் தெளிவு.

3.10. கோவை ரயில் நிலையத்திலிருந்து பழனியம்மாளைக் கூப்பிட்டேன். "முகம் வரலைம்மா."

அவர் கேட்டார்: "மூஞ்சியே உழுகாத போட்டோவுக்கு எதுக்குங்க பரிசு குடுத்தீங்க?"

அவர் குரலில் கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் என் பையில் தீர்ப்புரையாக ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"சரி உடுங்க. ஆதார் படத்தயே பெருசு பண்ணிக்கறோம். நீங்க பத்திரமா ஊடு போய்ச் சேருங்க."

ரயில் கிளம்பியது. படத்தை இருக்கைக்கு அடியில் தள்ளப் போனவன், கண்டக்டர் சொன்னது நினைவுக்கு வந்து மடியில் வைத்துக்கொண்டேன். திருச்சி வீட்டில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. தெருக்கோடி ஸ்டுடியோவில் எடுத்தது. ஒரு கன்னத்தில் வெளிச்சம் அதிகம், பின்னால் கசங்கிய நீலத் திரை. போட்டிக்கு வந்திருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பேன். அதில் அப்பா அப்பாவாகவே இருக்கிறார்.