ரிலீவர் சசிரேகா

‘ரிலீவ்’ என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது ஒரு தைல டப்பாவில். வலி போகும் என்று அர்த்தம். வெள்ளம் வந்த வருஷம் அரிசிப் பை கொண்டுவந்தவர்கள் அதையே ரிலீஃப் என்றார்கள். வேலையை விட்ட என் தம்பியோ ரிலீவிங் லெட்டருக்கு நடையாய் நடந்தான். கேட்டால் எல்லாம் ஒரே குடும்பமாம். வலியையும் ஆளையும் ஒரே சொல்லால் வழியனுப்புகிற வெள்ளைக்காரனை என்னவென்று சொல்ல!

பென்னலூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த சசிரேகாவிடம், “இன்னா வேலம்மா?” என்று கேட்டேன்.

“ரிலீவர்க்கா.”

எனக்குக் காது நீண்டுவிட்டது. “அப்டின்னா?”

“யாருக்காச்சும் பாத்ரூம் வந்தா கைய தூக்குவாங்க. நான் போயி அவங்க எடத்துல நிப்பேன். அவங்க வந்துட்டா அடுத்த கைய பாத்து ஓடணும்.”

ஒரகடத்தில் காருக்கு ஒயர்க்கட்டு செய்கிற கம்பெனி அது. பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். பெண்கள் அவரவர் இடத்தில் நின்று ஒயர் செருகி, டேப் சுற்ற வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் லைன் நின்றுவிடும். அத்தனை இடத்து வேலையும் சசிரேகாவுக்கு அத்துப்படி. அவளுக்கென்றுதான் ஓர் இடம் கிடையாது. இடம் உள்ளவர்களைத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்பதால், லைனில் ஸ்டேஷன் என்கிற அந்த நிற்கும் இடம் ஒன்று கிடைத்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

நான் விடாமல் நோண்டிக் கேட்பேன். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாதவிலக்கு, யார் போய் அழுதுவிட்டு வருகிறாள் என்பதெல்லாம் முதலில் ரிலீவருக்குத்தான் தெரியுமாம். அதே லைனில் நிற்கும் லீலா முழுகாமல் இருப்பதும் அப்படித்தான் தெரிந்தது. கான்ட்ராக்ட் வேலை, தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து லீலா யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆட்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. சூப்பர்வைசர் ஜெபகுமார் திருநெல்வேலிக்காரர். சசிரேகாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உனக்கு ஒரு ஸ்டேஷன் போட்டுத் தாரேன்மா. அடிக்கடி வெளிய போறவ யாருன்னு மட்டும் சொல்லு.”

நாளைக்குச் சொல்வதாக நழுவிக்கொண்டு, நேராக என்னிடம் வந்தாள்.

“ஒரே ஒரு பேருக்கா. சொன்னா எனக்கு எடம்.”

எனக்கு அந்த மனிதர்மேல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் அவரிடம் சொன்னதை அவளே நடித்துக் காட்டினாள். “நான் போயி நிக்கறதுக்குள்ள ஓடிடறாளுங்க சார். மூஞ்சிய யாரு பாத்தா? நான் ஒயரைத்தான் பாக்கறேன்.”

அடுத்த வாரம் அவளுக்குத் தருவதாகச் சொன்ன ஸ்டேஷனுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

“வருத்தமா இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்லாம? வயிறு எரியுதுக்கா.”

அன்று காலையிலேயே லீலா கை தூக்கியிருக்கிறாள். சசிரேகா போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கை.

“இன்னாடி, கொஞ்சம்கூட அடக்க முடியாதா? போய்த் தொல!”

நடந்தது எதுவும் தெரியாத லீலா சிரித்தாளாம். “உனக்கு இன்னாக்கா, என்ன மாதிரி ஒரே எடத்துல நின்னு சாவ வேணாம். குடுத்து வெச்சவ நீ.”

சசிரேகா அவள் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கிக்கொண்டு பலகையின் முன்னால் நின்றாள்.