வெள்ளரிப்பிஞ்சும் ஒரு பெரிய வார்த்தையும்

வார்த்தை விற்கிற தொழிலில் ஒரு வசதி, சரக்கு தீரவே தீராது. ஒரு கஷ்டம், வாங்கிக்கொண்டு போனவர் அதைப் புழங்குகிறாரா, பரணில் தூக்கிப் போட்டுவிட்டாரா என்பது கடைசிவரை தெரியாது. செஞ்சியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டுக்கு 'உயர்நிலைச் சொல்வளமும் மரபுத்தொடர்களும்' என்று ஒரு பாடம் எடுக்கிறேன். பெயரைப் படித்து முடிப்பதற்குள் பாதி வகுப்புக்குக் கொட்டாவி வந்துவிடும். நீங்களும் இதே தொழிலில் இருந்தால் நான் மேலே சொல்ல வேண்டியதே இல்லை. இல்லாவிட்டாலும் எங்கேயாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருப்பீர்கள், ஆகவே நீங்களும் நம்ம கட்சிதான்.

பாவப்பட்ட ராமு

வருஷ ஆரம்பத்தில் பத்து மரபுத்தொடர் கொடுத்து, ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிவரச் சொன்னேன். நாற்பத்திரண்டு நோட்டு வந்தது. நாற்பத்திரண்டிலும் ராமு இருந்தான். ராமு வாணலியிலிருந்து தப்பித்து அடுப்பில் விழுந்தான். ராமு கசப்பு மாத்திரையை விழுங்கினான். ராமு பாலைக் கொட்டிவிட்டு அழுதான். அழுது பயனில்லை என்று அவனுக்கு யாரோ எடுத்துச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் இந்தப் பாடத்துக்கு கைடு விற்கிறார்கள் என்பதும், ராமு அதில்தான் குடியிருக்கிறான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் கொஞ்சம் கோபக்காரி. நோட்டுகளை மேசைமேல் தொப்பென்று போட்டுவிட்டு, "யாருப்பா இந்த ராமு? எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து முருகவேல் எழுந்தான். அவன் எதைச் சொன்னாலும் எழுந்து நின்றுதான் சொல்வான். மரியாதையில் குறை வைக்க மாட்டான், மற்றதிலெல்லாம் வைப்பான்.

"தெரியல மேடம். ஆனா பாவம் மேடம் அவன். ஊர்ல இருக்குற கஷ்டம் எல்லாம் அவனுக்கே வருது."

வெள்ளை யானை

அன்றைக்கே ராமுவுக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். புதுச் சட்டம் போட்டேன்: வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒவ்வொருவரும் ஒரு புதுச் சொல்லையோ தொடரையோ எடுத்து, தனக்கோ தன் வீட்டுக்கோ உண்மையாக நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பொய் கூடாது. கைடு கூடாது. தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. இந்தக் கடைசி விதியை நானே எழுதி கரும்பலகை ஓரத்தில் ஒட்டினேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு எதிராகப் பயன்படும்.

முதல் இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் 'வெள்ளை யானை' என்ற தொடர் வந்தது. பராமரிக்கச் செலவு எக்கச்சக்கம், உபயோகம் ஒன்றும் இல்லை, அப்படிப்பட்ட பொருளை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். கோகிலா என்கிற பெண், அக்கா கல்யாணத்தின்போது வீட்டில் மாட்டிய ஏசியைப் பற்றி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பாதியில் மூச்சு வாங்கியது. மீதியைத் தமிழில் முடித்தாள், நானும் தடுக்கவில்லை.

"கரண்ட் பில்லுக்குப் பயந்து அத போடவே மாட்டாங்க மேடம். எங்க நைனா அதுமேல துண்டு காயப் போடறாரு."

டைகூன்

அந்த வகுப்பில் என்னைவிட அதிகச் சொல் தெரிந்தவள் இருந்தாள் என்றால் அது சந்தியாதான். அவலூர்பேட்டை பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அகராதி படிப்பாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஒரு சொல்லை எடுத்தால் அதன் அக்கம்பக்கத்தையும் விசாரித்துவிட்டுத்தான் விடுவாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை அவள் முறை. எழுந்து நின்று, தெளிவான ஆங்கிலத்தில், "என் அம்மா ஒரு டைகூன்" என்றாள். டைகூன் என்றால் சாதாரண வியாபாரி இல்லை. ஒரு வியாபாரத்தையே கையில் வைத்திருக்கிற பெரிய முதலாளி. எனக்குப் புருவம் ஏறியது. "அப்படியா? என்ன பிசினஸ்?" என்றேன். "கோட்டை வாசல்ல வெள்ளரிப்பிஞ்சு, மேடம்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். "ஓகோ, வெள்ளரி டைகூன்!" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மணி அடிப்பதற்குள் அது அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அது எனக்கு ஒரு நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தபோது எழுந்தாள், தரையைப் பார்த்தாள், தமிழில் சொன்னாள். அதற்கடுத்த வெள்ளியும், அதற்கடுத்த வெள்ளியும் அதையே சொன்னாள்.

"எனக்கு இந்த வாரம் ஒண்ணும் நடக்கல மேடம்."

மூன்று வாரம்

மாசி பிறந்த சமயம், சந்தியா கையில் ஒரு தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இடத்துக்கு எழுத்துத் தேர்வு எழுதியிருந்தாள், பாஸ். இன்னும் மூன்று வாரத்தில் நேர்முகம். நான்கைந்து பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். விடுதியும் உதவித்தொகையும் சேர்ந்த இடம் அது ஒன்றுதான். இது கிடைக்காவிட்டால் படிப்பு இதோடு சரி என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

தினமும் சாயங்காலம் உட்கார வைத்துப் பழக்கினேன். நான் கேள்வி கேட்பேன். அவள் என் வளையலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதுவாள், வாய் மட்டும் திறக்காது. "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் கண் கலங்கும். நான்காவது நாள் அவள் போன பிறகு எனக்குத்தான் கண் கலங்கியது. கூச்சம், கிராமத்துப் பெண், பயம் என்று காரணங்களை அடுக்கிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் வரலாற்று விரிவுரையாளர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர், பேசினால் சுற்றி வளைக்க மாட்டார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் வராம இல்ல மேடம். உங்க முன்னாடி வரல. அவ்ளோதான்."

கோட்டை வாசல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைக்குப் போனேன். என் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலையான ராஜகிரி தெரியும். ஆனாலும் அதன் அடிவாரத்துக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அம்மாவிடம் பேசி மகளுக்குத் தைரியம் சொல்லச் சொல்லலாம் என்பது திட்டம். மன்னிப்பு கேட்கும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு சின்ன சரக்கு வண்டி நின்றிருந்தது. அதைச் சுற்றிக் கூடையோடு பெண்கள். நடுவில், காதில் போனை இடுக்கிக்கொண்டு, ஒல்லியாக ஓர் அம்மாள். போனில் யாரிடமோ, "நேத்து பிஞ்சு முத்தி இருந்துச்சு, இன்னிக்கும் அப்டி அனுப்புனா வேற தோட்டம் பாத்துக்குவேன்" என்கிறாள். அதே மூச்சில் ஒரு கூடையைத் தள்ளி, "நீ மலைப் படிக்கிட்ட போ, நேத்து அவ போனா" என்கிறாள். யாருக்கு எந்த இடம், யாருக்கு எத்தனை கூடை, எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. ஓரமாக வெள்ளரிக்குக் கீறல் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், யார் இவங்க என்று கேட்டேன். "எங்க தனக்கா, சந்தியாவோட அம்மா. சுத்துப்பட்டு வெள்ளரி பூரா அது கைலதான். அது இல்லன்னா எங்களுக்கு யாவாரம் ஏது?" என்றாள்.

வெயில் இன்னும் ஏறவில்லை, எனக்கு வியர்த்துவிட்டது. சந்தியா அகராதியைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, பொருத்தம் பார்த்துத்தான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறாள். பொருள் தெரியாமல் சிரித்தது நான்தான். போய், சந்தியாவின் டீச்சர் என்று சொல்லிக்கொண்டேன். தனக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி என் கையில் திணித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காலேஜ்ல என்னியப் பத்தி எதோ பெரிய வார்த்த ஒண்ணு சொல்லப் போறேன்னு ஒரு வாரமா சொல்லிட்டே இருந்துச்சு டீச்சர். அப்பறம் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. இன்னா வார்த்த டீச்சர் அது?"

என் முறை

அர்த்தத்தைச் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன். தனக்கா அடுத்த பிஞ்சை எடுத்துக் கீறி முடித்தாள். பிறகு, "என்கிட்ட எதுக்கு டீச்சர் சொல்றீங்க, அதுகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கரும்பலகையில் 'தன் வார்த்தையைத் தானே தின்பது' என்ற பொருளில் வரும் ஆங்கிலத் தொடரை எழுதினேன். சொன்னது தப்பு என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்வதற்கு அப்படிச் சொல்வார்கள். வழக்கம்போல் முருகவேல் எழுந்து, யார் முதலில் என்று கேட்டான். நான்தான் என்றேன். இத்தனை மாதத்தில் என் சட்டத்துக்கு நான் ஒருமுறைகூடக் கட்டுப்பட்டதில்லை என்பது அப்போதுதான் வகுப்புக்கும் உறைத்தது.

இருபது வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அன்றைக்கு நாக்கு குழறியது. சந்தியாவின் அம்மாவைப் பார்த்ததைச் சொன்னேன். அவர்களுக்குக் கீழே நான்கு பெண்கள் பிழைக்கிறார்கள், சுற்றுவட்டார வெள்ளரித் தோட்டக்காரர்கள் அவர்கள் போனுக்குப் பயப்படுகிறார்கள், அவர்கள் டைகூன்தான், தெரியாமல் சிரித்த என் வார்த்தையை இப்போது உங்கள் எல்லார் முன்னாலும் தின்கிறேன் என்றேன். முருகவேல்கூட உட்கார்ந்துவிட்டான். சந்தியா தலையைத் தூக்கவில்லை. சரி, வினை விதைத்தவள் வினை அறுக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்து எல்லாரும் போன பிறகு, பையை மார்போடு அணைத்தபடி மேசைக்கு வந்து நின்றாள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம் இதுதான்.

"சிக்ஸ் விமன், மேடம். நாட் ஃபோர்."

ஆறு பேர் என்று திருத்திவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் காலி வகுப்பில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் நன்றாக அழுதேன்.

சென்னையிலிருந்து

நேர்முகத்துக்கு அம்மாவும் மகளும் போனார்கள். அன்றைக்குக் கோட்டை வாசலில் கூடை பிரித்துக் கொடுக்கும் வேலையைக் கீறல் போடுகிற பெண் பார்த்துக்கொண்டாளாம். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரே தொடரை இரண்டு தரம் நடத்தினேன். அவர்களும் பெருந்தன்மையாக இரண்டு தரமும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் சந்தியா நேராக ஆசிரியர் அறைக்கு வந்தாள். வரலாற்று விரிவுரையாளர் பேனாவை மூடினார். என்ன கேட்டார்கள் என்றேன். "மொதல்லயே அம்மா இன்னா பண்றாங்கன்னு கேட்டுட்டாங்க மேடம்" என்றாள். நான் எதை நினைத்துப் பயந்தேனோ அதே கேள்வி. நீ என்னம்மா சொன்னே என்று வரலாற்றுக்காரர்தான் கேட்டார். பத்து நாள் கழித்து வந்த பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது, அதுவும் சந்தோஷம்தான். ஆனால் எனக்குப் பட்டியல் அன்றைக்கே, அவள் சொன்ன பதிலிலேயே வந்துவிட்டது.

"டைகூன்னு சொன்னேன் மேடம். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சி முடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணேன். அப்பறம் ஏன்னு சொன்னேன்."

ஆக, இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: தன் வார்த்தையைத் தானே தின்பது, தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தால், அப்படியொன்றும் கசப்பதில்லை.