கேன்சல் வேற, போஸ்ட்போன் வேற

"கேன்சல் இல்லம்மா, போஸ்ட்போன்தான். அது வேற, இது வேற."

யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து ஸ்ட்ரெச்சரைத் திருப்பும்போதே டிரைவர் ஆரம்பித்துவிடுவார். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கு நர்ஸுகள் வைத்த பெயர் அது. படுத்திருந்த பெரியம்மா ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"கேன்சல்னா ஆபரேஷனே வேணாம்னு அர்த்தம். போஸ்ட்போன்னா வேணும், ஆனா இன்னைக்கு இல்ல. அவசர கேஸ் ஒண்ணு உள்ள போயிருக்கு. முதல்ல ஏதாச்சும் குடிங்க."

"நீ ஒரு நாள் இப்படிப் படுத்துப் பாருய்யா, தெரியும்."

டிரைவருக்குச் சுருக்கென்றது. அவருக்கே குடலிறக்கம். லீவு கிடைக்கலை, மகள் கல்யாணம், வேலைக்கு ஆள் இல்லை என்று வருஷக்கணக்கில் அவரே போஸ்ட்போன் பண்ணிக்கொண்டு, இடுப்பில் பெல்ட் கட்டி வண்டி தள்ளினார். போன மாசம் பேத்தி பிறந்தாள். ஆசையாகக் குனிந்து தூக்கப் போனவர், வலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"தாத்தா வேலையெல்லாம் பார்வையோட நிறுத்திக்குங்க. குழந்தையைப் போட்டுடப் போறீங்க," என்று மனைவி அடித்துச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பிஞ்சுக் கன்னத்தை ஒரு விரலால் தொடுவதோடு சரி.

பெரியம்மா அப்படிச் சொன்ன மறுநாளே ஆபரேஷன் பண்ணும் டாக்டரம்மாவிடம் தேதி வாங்கினார். அந்த நாளும் வந்தது. பச்சை கவுனும் காய்ந்த வயிறுமாகத் தியேட்டர் வாசலில் கிடந்தபோது, உள்ளே ஒரு விபத்து கேஸ் போனது. கூட வேலை செய்கிற தம்பி வண்டியைத் திருப்பினான்.

"கேன்சல் இல்லண்ணே, போஸ்ட்போன்தான். அது வேற..."

"வாயை மூடுடா."

கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இத்தனை வருஷமாகத் தள்ளிய பாதைதான். படுத்துக்கொண்டு போனால் இவ்வளவு நீளமா? அந்தப் பெரியம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது.

வீட்டில் மகள் குழந்தையைக் காட்டினாள். "முன்னைக்கு இப்ப நல்லா வெயிட் போட்டுட்டாப்பா!" டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இன்று காலை மறுபடியும் அதே வாசல், அதே கவுன். டாக்டரம்மா குனிந்து, "பயமா இருக்கா டிரைவர்?" என்றார்.

"பயமெல்லாம் இல்ல டாக்டரம்மா, அலுப்புதான். இன்னைக்கும் போஸ்ட்போன்னா பரவாயில்ல, போயிடறேன். ஆனா கொஞ்சம் மெதுவா வளரச் சொல்லி என் பேத்திகிட்ட யாரு சொல்றது?"