நிற்காத கப்பலில் இருந்தவர்

போன வாரம் பண்ருட்டி பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "உங்க கப்பல்காரரு செல்லையா காலையில போயிட்டாருங்க." முந்திரி வறுக்கும் கொட்டகையில் அடுப்பெரித்து, அந்தப் புகையிலேயே நெஞ்சு கெட்டு இறந்திருக்கிறார். நெய்வேலியில் அவரோடு வேலை பார்த்த நமக்காக இதை எழுதுகிறேன்.

செல்லையா அண்ணன் நாகப்பட்டினத்துக்காரர். உலகப் போரின்போது வெள்ளைக்காரர்களின் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். அட்லாண்டிக் கடலில் வரிசையாகப் போன அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கின. அப்போது நடந்த கடற்சண்டைகளில்தான் போரே திசை திரும்பியது என்கிறார்கள்.

ஒரு சுதந்திர தினத்தில் நெய்வேலிக் குடியிருப்பில் நம் பிளாக் விழாவில் அவருக்கு மாலை போட்டோம். "அந்த வெற்றியைப் பத்திச் சொல்லுங்க" என்றார் விழாத் தலைவர்.

"எங்களுக்கு முன்னால போன கப்பல் உடைஞ்சிடுச்சு" என்று அண்ணன் தொடங்கினார். "ஆளுங்க தண்ணியில கெடந்தாங்க. யாருக்காகவும் நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. அவங்க நடுவுலயே ஓட்டிக்கிட்டுப் போனோம். ஒருத்தன் தமிழ்ல கத்தினான், 'அண்ணே, கயிறு போடுண்ணே'ன்னு. போட்டேன். எட்டல. கரை சேர்ந்ததும் எங்களுக்குக் கை தட்டினாங்க."

தலைவர் அவசரமாக எழுந்து அடுத்தது கோலாட்டம் என்று அறிவித்தார். அண்ணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அப்போது நாங்கள் இருவரும் ஒரு காண்ட்ராக்டரிடம் பம்ப் ஓட்டிக்கொண்டிருந்தோம். கட்டட அஸ்திவாரத்துக்கு வெட்டிய பள்ளத்தில் ஊறும் தண்ணீரை விடாமல் இறைக்க வேண்டும். ஒரு மழை நாளில், கூலிக்கு வந்த கோவிந்தன் உள்ளே வழுக்கி விழுந்தான். உறிஞ்சு குழாய் அவன் வேட்டியோடு காலை இழுத்துப் பிடித்தது. கழுத்து வரை தண்ணீர்.

அண்ணன் மோட்டாரை நிறுத்த ஓடினார். மேஸ்திரி கத்தினார்: "நிறுத்தாத! தண்ணி ஏறினா கரை சரிஞ்சிடும். இத்தினி நாள் வேலயும் பாழு!"

"கரைய திரும்ப வெட்டிக்கலாம்யா!" என்றபடி அண்ணன் நிறுத்தினார். கோவிந்தனைத் தூக்கி மேலே போட்டோம். சற்று நேரத்தில் கரை சரிந்தது.

மறுநாள் அண்ணனுக்கு வேலை இல்லை. நாங்கள் சிலர் சேர்ந்து போய்க் கேட்டோம். "நான் இங்க தர்மசத்திரமா நடத்தறேன்?" என்றார் காண்ட்ராக்டர். சீக்கிரம் நிலக்கரி நிறுவனத்திலேயே பர்மனென்ட் ஆகிவிடலாம், குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று நம்பியிருந்த மனிதர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பண்ருட்டிக்குப் போனார். அவரை வேறு யாரும் பம்ப் வேலைக்கு எடுக்கவில்லை. இருமலோடுதான் அடுப்பெரித்தார். போய்ப் பார்த்தபோது, "வருத்தமா இருக்காண்ணே?" என்று கேட்டேன். "நிறுத்தினதுக்கா? போய்யா" என்று எரிந்து விழுந்தார்.

அடக்கத்துக்குக் கோவிந்தன் வந்திருந்தான். கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வழக்கம்போலப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"எனக்காவ மோட்டார நிறுத்துனாருங்க. அவருக்காவ ஒரு அடுப்பக் கூட நிறுத்தாம எரிச்சிகினு இருக்காங்க பாருங்க" என்றான்.

அவன் தோளில் கை வைத்தேன். செல்லையா அண்ணன் கடைசிவரை ஆறாத கோபத்தோடு போனார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். அதை ஆறவிட எனக்கு மனமில்லை.