ஜெபக்கனி சொன்ன சாட்சி

ஜெபக்கனி எனக்குத் தங்கச்சி முறை. அவள் அப்பாவைப் பெற்றவரும் எங்கப்பாவைப் பெற்றவரும் கூடப்பிறந்தவர்கள். களக்காட்டுக்குக் கிழக்கே எங்க ஊரிலேயே அத்தை மகன் கோயில்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டாள்.

கோயில்பிள்ளை, மாரிக்கண்ணு அண்ணாச்சியின் வாழைத்தார் கடையில் சுமை ஏற்றி இறக்குகிறவர். ஒரே மகன் நாங்குநேரி நாலுவழிச் சாலையில் பைக்கோடு லாரியில் மோதிச் செத்தான். அந்த வருசமே குத்தகைக்குப் போட்டிருந்த வாழை காற்றில் சாய்ந்தது. மறு வருசம் கோயில்பிள்ளைக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து, கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் "ஆ"தான்.

வெள்ளிக்கிழமை தோறும் சபைப் பெண்கள் ஜெபத்துக்கு வருவார்கள். அவர்களுக்குத் தலைவி எதிர்த்த வீட்டுத் தங்கபாய். ஜெபம் முடிந்ததும் புத்தி சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள்.

"ஏட்டி கனி, மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிரு. இல்லைன்னா இப்படி ஒண்ணு மேல ஒண்ணா வராது."

"யோசிச்சுப் பாத்தேன் யக்கா. உங்க கோழி எங்க விறகுக்குள்ள முட்டை விட்டுச்சு, எடுத்துப் பொரிச்சுத் தின்னுட்டோம். அதுக்கா இம்புட்டு?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கபாய் சிரிக்கவில்லை.

விளக்கு வைத்ததும் நடக்கிற வீட்டு ஜெபத்தை ஜெபக்கனி ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் முழங்காலில் நின்றதும் முதலில் வருவது சண்டைதான். "எம் பிள்ளைய ஏன் எடுத்தீரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது. ஒரு தடவை நானே சொன்னேன், ஆண்டவரிடம் இப்படியா பேசுவது என்று. "கோவமாத்தான் இருக்கேன் அண்ணே. வீட்டுல உள்ளவரு பேச மாட்டாரு. ஆண்டவரோடயும் பேசலைன்னா நான் யாருகூடப் பேச?" என்றாள்.

போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் கீர்த்தனை பாடும்போது கட்டிலில் கிடந்த கோயில்பிள்ளையும் கூடப் பாடினார். ஒரு சொல் பிசகாமல் முழுப் பாட்டும். தங்கபாய் அல்லேலூயா என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பாட்டு முடிந்ததும் ஜெபக்கனி தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் நீட்டி, "இது என்னங்க? சொல்லுங்க," என்றாள். அவர் செம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஆ," என்றார்.

மாரிக்கண்ணு அண்ணாச்சி ஒரு சீப்புப் பழத்தோடு வந்து, "பாட வருது, பேச வரலையாவே? எங்க கடையில நேர்மாறால்லா இருந்தீரு!" என்று கேட்க, கோயில்பிள்ளைக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு.

பேச்சுக்கு ஓர் இடம், பாட்டுக்கு ஓர் இடம் மூளையில் இருக்கிறது, பேச்சு பைய வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொன்னார். ஊருக்குள் அதற்குள் கோயில்பிள்ளை சுகமாகிவிட்டார் என்று பேச்சு. ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல ஜெபக்கனி பெயரைத் தங்கபாயே போதகரிடம் கொடுத்துவிட்டாள்.

"சுகமாயிட்டாருன்னு விசுவாசத்தோட சொல்லு. அப்பத்தான் மீதியும் வரும். உன் வாயாலேயே சுகமாகலைன்னு சொல்லிட்டா அவரு பேச்சை நீயே தடுத்த மாதிரி."

இதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்கு வந்து, "சொன்னா வந்துருமா அண்ணே? வருமுன்னா ஆயிரம் தடவை சொல்லுவேன்," என்றாள். எனக்கு என்ன தெரியும்? அவளே சொன்னாள், "கேக்கது ஆண்டவருல்லா. பொய்யின்னு அவருக்குத் தெரியாதா?"

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"எங்க வீட்டுல உள்ளவரு பாடுதாரு. அதுக்கு ஸ்தோத்திரம். தண்ணி வேணுமுன்னு கேக்க இன்னும் வாய் வரல. அவரு சுகமாகல. கேட்டுக்கிட்டே இருக்கேன், ஆண்டவரு இன்னும் தரல. அம்புட்டுத்தான்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் மட்டும், "ஆமென்," என்றார். தங்கபாய் கடைசி ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் ஒருத்தியும் வரவில்லை. ஜெபக்கனி வழக்கம்போலப் பாயை விரித்துவைத்தாள், சுருட்டினாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் கோயில்பிள்ளைக்குச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். தங்கபாய் பின்வாசல் வழியாக வந்தாள். என்னைப் பார்த்துத் தயங்கி, "அண்ணாச்சி இருந்தா இருக்கட்டும்," என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம் மூத்தவன் குடிய விட்டுட்டான்னு ஒரு பண்டிகையில சாட்சி சொன்னேன்லா. விடலைட்டி கனி. அன்னிக்கும் குடிச்சுட்டுத்தான் வந்தான். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிட்டாங்க. அதுக்குப் பெறகு அவனுக்கு ஜெபம் பண்ணுங்கன்னு நான் யாருட்டப் போயிக் கேக்க?"

ஜெபக்கனி அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"இப்ப எங்கன இருக்கான்?"

"வீட்டுலதான். தூங்குதான்."

"காலையில சாப்பிட்டானா?"

"இல்ல."

முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பாயை விரித்தாள். இரண்டு பேரும் முழங்காலில் நின்றார்கள். ஜெபக்கனிதான் ஆரம்பித்தாள், அதே சண்டைக் குரலில், பையன் பெயரைச் சொல்லி. பாதி மழித்த முகத்தோடு கோயில்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். நான் சவரக்கத்தியைக் கீழே வைத்தேன்.