வந்துட்டே இருக்கேனுங்க

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிய வாரம் அது. நாமக்கல்லில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஈஸ்டர் வரை ஆளுக்கொரு கெட்ட பழக்கத்தை விட்டுப் பாருங்கள் என்று ஆராதனையில் ஆயர் சொன்னார். எனக்கு பீடி, குடி எதுவும் கிடையாது. அந்தப் பெருமையில், கறியை விட்டுவிடப் போவதாக வீட்டில் அறிவித்தேன்.

மனைவி சிரித்துவிட்டாள். "கறி என்னங்க பாவம் பண்ணுச்சு? போனை எடுத்தா 'வந்துட்டே இருக்கேனுங்க'ன்னு வாய் கூசாம சொல்றீங்களே, அத உடுங்க பார்க்கலாம்."

சுருக்கென்று இருந்தது, ஏனென்றால் அது உண்மை. லுங்கியோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே "பக்கத்துல வந்துட்டேனுங்க" என்பேன். தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே, அது பொய் என்றே நான் நினைத்ததில்லை. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. முழங்கால் போட்டு ஜெபித்துத் தீர்மானம் எடுத்தேன்.

பிறகு பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். போன் அடித்தாலே நாக்கு தானாக "வந்துட்டே" என்று ஆரம்பிக்கும். பாதியில் விழுங்கிவிட்டு, "இல்லீங்க, இன்னும் கெளம்பலீங்க" என்பேன். இரண்டு பேர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம், நல்ல வெயில். சேலம் அஸ்தம்பட்டியில் கண் டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். மல்லசமுத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். கொட்டகைக்குள் தண்ணீர் தூவும் மோட்டார் நின்றுவிட்டதாம்.

"கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க. எங்க இருக்கறீங்க?"

பத்து நிமிடம் என்று சொல்ல வாய் துடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, "சேலத்துல இருக்கேனுங்க. வர ஒன்னே கால் மணி நேரம் ஆகுமுங்க" என்றேன். போன் கட்டானது. ஒரு நல்ல வாடிக்கை போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் டோக்கனைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் அவரும் அவர் மனைவியும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, ஓஸ் பைப்பால் கூரை மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டாரில் கண்டன்சர் போயிருந்தது. மாற்றியதும் ஓடியது.

டீ கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "போன்ல பேசுனது நீங்கதானான்னு எனக்கே சந்தேகமாயிருச்சுங்க, நம்பர மறுபடியும் பார்த்தேன்!" சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "முந்தின கோடைலயும் இப்படித்தானுங்க நின்னுபோச்சு. பத்து நிமிசத்துல வாரேன்னீங்க. உங்கள நம்பி வாசல்லயே நின்னேன். நீங்க வரங்காட்டியும் அறுவது கோழி போயிருச்சு. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன். இன்னைக்கு நெசத்தச் சொன்னீங்க, ஒடனே ஓஸ எடுத்துட்டோம். ஒன்னுகூடச் சாகலீங்க."

வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வரும் வழியெல்லாம் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து மனைவிக்கும் ஒரு நன்றி சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு வருடமாகிறது. அந்தப் பொய் இன்னும் நாக்கு நுனியில்தான் இருக்கிறது, அதனால் ஒரு வரி ஜெபம் செய்யாமல் நான் போனை எடுப்பதில்லை. யாருக்கும் கெடுதல் இல்லை என்று நான் வாய் கூசாமல் சொன்ன பேச்சை நம்பி, ஒரு மனிதர் கொதிக்கும் வெயிலில் வாசலில் நின்றிருக்கிறார் என்பதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.