பித்தளை ஷன்ட்டும் செல்வி சுற்றிய காயிலும்

வார்னிஷ் காய்கிற நெடி, கூடவே கடற்காற்றின் உப்பு... மீமிசலில் நான் முதன்முதலாக வேலை பார்த்த மோட்டார் ரிப்பேர் கடையை நினைத்தால் இந்த வாசனைதான் முதலில் வரும்.

டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்திருந்தேன். அங்கே மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றியவர் செல்வி. என் வயதுதான். ஆவுடையார்கோவிலில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

படகு இன்ஜினின் ஸ்டார்ட்டர் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கக் கடையில் வழியில்லை. இருந்த மீட்டர் பத்து ஆம்பியரோடு சரி. அதனால் நானே ஒரு ஷன்ட் செய்தேன். ஒரு சாண் பித்தளைப் பட்டை, இரு முனையிலும் போல்ட். மொத்தக் கரண்டும் பட்டை வழியாகப் போகும். முனைகளுக்கு நடுவே விழும் துளி வோல்டேஜை அளந்தால் ஆம்பியர் கணக்கு வந்துவிடும். ஹெட்லைட் பல்புகளை எரியவிட்டுச் சோதித்தேன். பல்பில் எழுதியிருந்த வாட் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது.

அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே...

ஒரு நாள் கட்டுமாவடிப் படகுக்காரர் ஒருவருடைய மோட்டார். செல்விதான் காயில் சுற்றியிருந்தார். என் ஷன்ட்டில் மாட்டினேன். வர வேண்டியதைப் போல இரண்டு மடங்கு காட்டியது.

"காயில் ஷார்ட்டுங்க" என்றேன், படகுக்காரர் முன்னாலேயே.

"நல்லாத்தானே சுத்துது? சூடு கூட இல்லீங்களே" என்றார் செல்வி.

"மீட்டர் பொய் சொல்லுமா?"

படகுக்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் முதலாளி செல்வியிடம், "நாளையில இருந்து வர வேணாம்த்தா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வாரம் புத்தம்புது மோட்டார் ஒன்றை மாட்டினேன். அதுவும் இரண்டு மடங்கு!

பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. மீட்டர் கம்பிகளை நான் அந்த போல்ட்களிலேயே மாட்டியிருந்தேன். தளர்ந்த இடத்தில் விழுந்த வோல்டேஜும் கணக்கில் சேர்ந்துவிட்டது. கம்பிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பட்டையிலேயே பற்றவைத்தேன். சரியாகக் காட்டியது.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மரியாதை போய்விடும் என்று பயம்.

ரெண்டு வருஷம் கழித்து அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் வேலை என்றார். அவரே சிரித்துக்கொண்டு பேசினார்.

"நல்லா இருக்கீங்களா? அந்த மோட்டாரை நெனச்சா இப்பவும் வருத்தமாத்தாங்க இருக்கு. எந்த எடத்துல டேப்பு சுத்தாம விட்டேன்னே தெரியல. அதுக்கப்புறம் காயில தொடவே பயமாப் போச்சு."

உண்மை வாய் வரைக்கும் வந்தது... "பஸ் வந்துருச்சு, வாரேங்க" என்று ஏறிவிட்டார்.

இப்போது க்ளாம்ப் மீட்டர் வந்துவிட்டது. கேபிளைச் சுற்றி மாட்டினால் போதும், ஆம்பியர் தெரிந்துவிடும். போல்ட்டும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் ஒரு ரீடிங்கை நம்பி ஒருத்தரைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு எழுவதில்லை.

அந்த பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. நான் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.